ஆறாம் மாதத்தில் அடைபடும் கதவு

மாசி மகத்தன்று திருக்கோஷ்டியூர்த் தெப்பக்குளத்துப் படிகளில் கால் வைக்க இடமிருக்காது. அத்தனையும் அகல் விளக்குகள். சௌமிய நாராயணப் பெருமாளிடம் புதிதாக ஒன்றை வேண்டிக்கொள்ள வந்தவர்கள், கரையில் எரிகிற விளக்குகளில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். காசும் துளசியும் போட்டு, சின்னப் பெட்டியில் வைத்து மூடி, பூஜையறையில் பத்திரப்படுத்துகிறார்கள். வேண்டியது கைகூடியவர்கள் மறு வருஷம் அந்த விளக்கைத் திருப்பிக் கொண்டுவந்து, நெய் விளக்கும் சேர்த்து ஏற்றுகிறார்கள். கல்யாணம், வேலை, வீடு என்று வேண்டுதல் பல இருந்தாலும் கூட்டத்தில் அதிகம் காதில் விழுவது பிள்ளை வரம்தான். கோயிலுக்குள் சந்தான கிருஷ்ணன் தொட்டிலில் இருக்கிறார். அந்தத் தொட்டிலை ஆட்டிவிட்டு வரும் பெண்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பிள்ளைக்காக இந்த மண்ணில் பெண்கள் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கருக்கலைப்பைப் பற்றிய கட்டுரையை இந்தக் குளக்கரையில் தொடங்கக் காரணம் இருக்கிறது. ஐந்து மாதம் தாண்டியபின் கருவைக் கலைக்க வேண்டிய நிலைக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர், இப்படி விளக்கெடுத்து வேண்டி உண்டானவர்கள். ஆறாம் மாதத்தில் மருத்துவமனை வாசலில் நிற்கும் பெண் என்றதும் பொறுப்பில்லாதவள், மனம் மாறியவள் என்று ஒரு சித்திரம் நம் மனத்தில் எழுகிறது. அந்தச் சித்திரம் தவறானது. தவறான சித்திரத்தை வைத்துச் சட்டம் எழுதினால் அது யார் தலையில் விழும் என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

இந்தியச் சட்டம் வாரக் கணக்கில் பேசுகிறது. நம் வீடுகளில் மாதக் கணக்கு. "நாள் தள்ளியிருக்கு", "அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது" என்பார்கள். சட்டம் சொல்லும் 24 வாரம் ஏறத்தாழ ஐந்தரை மாதம், அதாவது ஆறாம் மாதத்தின் நடு. அங்கே கதவு சாத்தப்படுகிறது. அதன்பிறகு சட்டம் விட்டுவைத்திருப்பது இரண்டு வழிகள்தான். கருவில் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய நிலை வர வேண்டும். மற்றவர்கள் உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு அது 2004-ல் திறக்கப்பட்ட மதுரைக் கிளை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாமதமாக வரும் பெண்களில் பெரும்பாலோர் தாமதிக்க வைக்கப்பட்டவர்கள். அந்தத் தாமதத்தில் குடும்பத்துக்குப் பங்கு உண்டு, மருத்துவமனைக்கு உண்டு, காவல் நிலையத்தின் மீதான பயத்துக்கு உண்டு. கடைசியில் நீதிமன்றமும் சேர்ந்துகொள்கிறது. தாமதத்தை உண்டாக்கியவர்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, அதற்கான தண்டனை அவள் ஒருத்திக்கு மட்டும் வருகிறது.

நாட்கள் எப்படிக் கரைகின்றன

திருக்கோஷ்டியூரைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு கிராமத்துப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிக் கொடுத்துவிட்டார். மாதாந்தரப் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறது. 19-வது வாரத்தில், ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போகிறாள். மருத்துவர்கள் அனாமலி ஸ்கேன் என்பது இதைத்தான். மூளை, முதுகுத்தண்டு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், கை கால் எல்லாம் ஓரளவு தெளிவாகத் தெரிவது 18 வாரம் கடந்த பிறகுதான். அதற்கு முன்னால் பார்த்தால் பல குறைபாடுகள் பிடிபடாது.

வயிற்றில் ஜெல் தடவி, கருவியை இடமும் வலமுமாக நகர்த்தியபடி, "அசைவு தெரியுதாம்மா? எப்ப இருந்து?" என்று பேசிக்கொண்டிருந்த டாக்டர் பேச்சை நிறுத்துகிறார். ஒரே இடத்தில் கருவியை அழுத்தி அழுத்திப் பார்க்கிறார். திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொள்கிறார். பிறகு கேட்கிறார்: "கூட யாரும்மா வந்திருக்கா?"

"எங்க அத்தை வந்திருக்காக டாக்டர்."

ஸ்கேன் அறைக்குள் இருந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கேள்வியின் பொருள் புரிந்துவிடும்.

இனி நாட்களைப் பாருங்கள். திருப்பத்தூரிலோ சிவகங்கையிலோ எடுத்த ஸ்கேனை மதுரையில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்கிறார்கள். அங்கே தேதி கிடைக்க ஒரு வாரம். இதயத்தில் சந்தேகம் என்றால், "கருவின் எக்கோ எடுக்கணும், 22 வாரம் ஆனதும் வாங்க" என்கிறார்கள். குரோமோசோம் குறைபாடா என்று பார்க்கப் பனிக்குட நீர் எடுத்து அனுப்பினால் முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். நடுவில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், பொங்கல் விடுமுறை, சிங்கப்பூரிலிருந்து கணவர் வரட்டும் என்று மாமனார் சொல்லும் ஒரு வார்த்தை. அவ்வளவுதான், 24 வாரம் முடிந்துவிட்டது. இதில் அந்தப் பெண் எந்த இடத்தில் அசட்டையாக இருந்தாள்?

வாரத்தை எண்ணுவது கரு உண்டான நாளிலிருந்து அல்ல, கடைசியாகத் தூரமான நாளிலிருந்து. கரு உருவாவதற்கு முந்தைய இரண்டு வாரமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்களுக்கு அந்தத் தேதியே உறுதியில்லாதது. ஸ்கேன் சொல்லும் வாரத்துக்கும் அட்டையில் எழுதிய வாரத்துக்கும் வித்தியாசம் இருந்தால், கதவு திறந்திருக்கிறதா சாத்தியாகிவிட்டதா என்பது எந்தக் காகிதத்தை நம்புகிறார்கள் என்பதைப் பொறுத்துப் போகிறது.

குற்றத்துக்குள் ஒரு விதிவிலக்கு

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தியாவில் கருக்கலைப்பு இன்றும் அடிப்படையில் குற்றம்தான். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு, கருவைக் கலைப்பவரையும், தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் சேர்த்தே தண்டித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் எண் 88 ஆயிற்று; விஷயம் மாறவில்லை. மூன்று ஆண்டு வரை சிறை. கரு அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை.

1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் அமைத்த குழு, மருத்துவச்சிகளிடமும் போலி மருத்துவர்களிடமும் போய்ச் செத்துக்கொண்டிருந்த பெண்களைக் கணக்கில் எடுத்து 1966-ல் அறிக்கை கொடுத்தது. அதன் விளைவு 1971-ன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். உலகத்தின் பல நாடுகள் யோசிக்கவே அஞ்சிய காலத்தில் நாம் செய்தது, அதற்குரிய பெருமை நமக்கு உண்டு. ஆனால் அந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை என்று ஒன்றைத் தரவில்லை. இன்னின்ன நிபந்தனைக்குள் செய்தால் மருத்துவர் மீது வழக்கு வராது என்று மட்டும் சொன்னது. பாதுகாப்பு மருத்துவருக்கு. அதனால்தான் வாரம் கூடக்கூட மருத்துவர் அஞ்சுகிறார். அஞ்சும் மருத்துவர், "எதுக்கும் கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வந்துருங்க" என்று கைகழுவுகிறார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் அவரை நிறுத்தியிருக்கும் இடம் அப்படி.

20 வாரம் என்றிருந்த எல்லை அரை நூற்றாண்டு நகரவில்லை. 2008-ல் மும்பையில் ஒரு தம்பதியர், கருவின் இதயத்தில் அடைப்பு இருப்பது 20 வாரத்துக்குப் பிறகே தெரியவந்ததால், மருத்துவர் நிகில் தாதாருடன் சேர்ந்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்போது 26-வது வாரம். ஆகஸ்டு 4-ல் நீதிமன்றம் மறுத்தது. சில நாட்களில் அந்தக் கரு தானாகவே கலைந்தது. ஒரு குடும்பத்தின் துயரம் நாடு முழுக்கத் தொலைக்காட்சி விவாதமான முதல் சந்தர்ப்பம் அது. அதன்பின் 2016, 2017-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு மேல் வழக்காக வந்தது. மண்டையோடு உருவாகாத கரு என்றால் 24 வாரத்திலும் அனுமதித்தார்கள். டவுன் சிண்ட்ரோம் என்றபோது 26 வாரத்தில் மறுத்தார்கள்.

கடைசியில் நாடாளுமன்றம் அசைந்தது. 2021 மார்ச்சில் நிறைவேறிய திருத்தச் சட்டம் செப்டம்பர் 24-ல் அமலுக்கு வந்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இரண்டு மருத்துவர்கள். அதுவும் எல்லோருக்கும் இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது மணமுறிவு பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் குன்றியவர்கள், கருவில் குறைபாடு உள்ளவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள் என்று விதிகள் வகை பிரித்தன. 24-க்கு மேல் கருவின் பெரிய குறைபாட்டுக்கு மட்டும் மாநில வாரியம். மகப்பேறு மருத்துவர், குழந்தைநல மருத்துவர், ஸ்கேன் நிபுணர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதித்தால் ஐந்து நாளுக்குள் முடிக்க வேண்டும்.

கல்யாணமாகாத பெண் எந்த வகையிலும் வரவில்லை. 25 வயதுப் பெண் ஒருவர், தில்லி உயர் நீதிமன்றம் மறுத்தபின் உச்ச நீதிமன்றம் போனார். 2022 செப்டம்பர் 29-ல் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், ஏ.எஸ். போபண்ணா, ஜே.பி. பார்திவாலா அமர்வு, தாலியை வைத்து வித்தியாசம் பார்ப்பது அரசமைப்புக்கு விரோதம் என்றது. கணவனே வன்புணர்ந்தாலும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு அது வன்புணர்ச்சிதான் என்றும் சொன்னது. பெரிய தீர்ப்பு. ஆனால் அதுவும் 24 வாரத்துக்குள்தான்.

2023 அக்டோபரின் ஏழு நாட்கள்

அந்த எல்லைக்கு அப்பால் என்ன நடக்கும் என்பதை அடுத்த ஆண்டே நாடு பார்த்தது. 27 வயதுப் பெண். கல்யாணமானவர், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள், இளையது இன்னும் பால்குடி. பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராது என்பதால் மீண்டும் உண்டாகியிருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. பாட்டிமார் "பால் கொடுக்கையிலே நிக்காது" என்று நம்பிக்கையாகச் சொல்வதும், நம்பியவர்கள் ஏமாந்ததும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. தெரிந்தபோது ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 9-ல் நீதிபதிகள் ஹிமா கோலியும் பி.வி. நாகரத்னாவும் அனுமதித்தார்கள். மறுநாளே எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார்: கரு பிழைக்கும் நிலையில் இருக்கிறது, இதயத் துடிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். அரசு வழக்கறிஞர் தலைமை நீதிபதியிடம் போனார். 11-ம் தேதி அதே இரண்டு நீதிபதிகள் பிரிந்தார்கள். தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றார் நீதிபதி கோலி. அந்தப் பெண் யோசித்து எடுத்த முடிவை மதிக்க வேண்டும் என்றார் நீதிபதி நாகரத்னா. மூன்று நீதிபதிகள் அமர்வு 16-ம் தேதி மறுத்தது. பிரசவச் செலவை அரசு ஏற்கும், விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றது.

நீதிபதிகள் மேம்போக்காக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த மின்னஞ்சலை வாசித்த எவருக்கும் கை நடுங்கியிருக்கும். ஆனால் அந்த ஏழு நாளும் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்து பாருங்கள். கிடைத்தது, பறிபோனது, பாதி கிடைத்தது, முழுதாகப் போனது. மனநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒரு தாயின் கர்ப்பப்பையை நாடே வாதாடித் தீர்த்தது. இப்படி ஒரு முடிவை எடுக்க வேண்டிய இடம் நீதிமன்றம்தானா?

24 வாரத்துக்குப் பின் செய்யப்படும் கருக்கலைப்பு எப்படிப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயிற்றின் வழியாக ஊசி செலுத்திக் கருவின் இதயத்தை நிறுத்துகிறார்கள். பிறகு மருந்து கொடுத்து வலி வரவைக்கிறார்கள். பிரசவ வலியை முழுதாக அனுபவித்து, அழாத பிள்ளையைப் பெறுகிறாள். இரண்டு மூன்று நாளில் மார்பில் பால் கட்டிக்கொள்கிறது. யாரும் இதை விளையாட்டாகத் தேடிப் போக மாட்டார்கள்.

சின்னப் பெண்கள்

2017-ல் சண்டிகரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, உறவினனால் கெடுக்கப்பட்டுக் கருவுற்றிருந்தாள். தெரிந்தபோது ஏழு மாதம். ஜூலை 28-ல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கு அனுமதி மறுத்தது. 32 வாரத்தில் அது அவள் உயிருக்கே ஆபத்து என்றது வாரியம். ஆகஸ்டில் அறுவைச் சிகிச்சையில் குழந்தை பிறந்தது. வயிற்றில் கல் இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மும்பையின் 13 வயதுச் சிறுமிக்கு ஏறக்குறைய அதே வாரத்தில் அனுமதி கிடைத்தது. குழந்தை உயிரோடு பிறந்து இரண்டு நாளில் இறந்தது. இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால் சட்டம் எங்கே நிற்கிறது என்பதே தெரியவில்லை.

சிறுமிகள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்? என்ன நடந்தது என்பது அவர்களுக்கே புரியாது. புரிந்தாலும் சொல்ல ஆளிருக்காது. அம்மாவுக்குத் தெரிந்த பிறகும் பயம். போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, 18 வயது நிறையாத பெண் கருவுற்று வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் மீதே வழக்கு. குழந்தைகளைக் காக்க வந்த சட்டம், அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஊர்ப்பக்கம் அது வேறு விதமாக வேலை செய்கிறது. பதினேழு வயதுப் பெண், காதலித்த பையன் அதே தெருக்காரன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் சிறைக்குப் போவான், ஊர் முழுக்கப் பெயர் கெடும், சாதிச் சண்டை வரும். வீட்டில் பப்பாளிக்காய், எள், நாட்டு மருந்து என்று ஒரு மாதம் போகிறது. எங்கோ ஒருவர் தரும் மாத்திரையில் இன்னொரு மாதம். ரத்தப்போக்கு நிற்காமல் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஐந்து மாதம்.

2022 தீர்ப்பு இதற்கு ஒரு வழி சொன்னது: சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரைச் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம். 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் ஆகியோரின் சிறப்பு அமர்வு, இதைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையின் மகப்பேறு வார்டில் பணிக்கு நிற்கும் ஜூனியர் டாக்டருக்கு அது எட்டியிருக்கிறதா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. எட்டெழுத்து மந்திரத்தைக் குருவின் நிபந்தனையையும் மீறிக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் ராமானுஜர் என்பது திருக்கோஷ்டியூரின் தீராத பெருமை. அப்படிப்பட்ட ஊரைச் சுற்றியும்கூட இந்தச் சட்டம் காதோடு காதாகத்தான் பேசப்படுகிறது.

எதிர்த் தரப்பின் நியாயங்கள்

எல்லையே வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பெண் கரு என்று தெரிந்தால் அழிப்பது இந்த மாநிலத்தின் பழைய ரணம். உசிலம்பட்டியும் சேலமும் நாடு முழுக்கப் பேர் கெட்ட காலம் உண்டு. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே அதனால்தான். எல்லையைத் தளர்த்தினால் அந்தக் கும்பலுக்குக் கொண்டாட்டம் என்று அஞ்சுகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அஞ்சுகிறார்கள். ஆனால் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்க 1994-ன் தனிச் சட்டம் இருக்கிறது. பாலினம் ஸ்கேனில் தெரிவது நாலாம் மாத வாக்கிலேயே. கமிஷனுக்குச் சொல்லும் ஸ்கேன் கும்பல் மருத்துவ வாரியத்தின் முன்னால் வந்து நிற்பதில்லை. அந்தக் கும்பலைப் பிடிக்க முடியாததற்கு, குறைபாடுள்ள கருவைச் சுமக்கும் பெண்ணையோ வன்கொடுமைக்கு ஆளான சிறுமியையோ தடுப்பது விடையாகாது.

இரண்டாவது கேள்வி மாற்றுத்திறனாளிகள் எழுப்புவது. அது என்னைத் தூங்கவிடாத கேள்வி. 24 வாரத்துக்குப் பின் சட்டம் திறந்துவைத்திருக்கும் வாசல் கருவின் குறைபாட்டுக்கு மட்டும் என்றால், எங்களைப் போன்றவர்கள் பிறக்காமல் இருப்பதே மேல் என்றுதானே அரசு சொல்கிறது என்கிறார்கள். தாயின் மனநிலை, வயது, அவளுக்கு நடந்த கொடுமை எதுவும் எண்ணப்படாமல், கருவின் உடற்குறை ஒன்றே காரணமாகும்போது அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் இல்லை. பிறந்து சில மணி நேரம்கூடத் தாங்காத கருவையும், நம்மோடு பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையையும் ஒரே பட்டியலில் வைக்கக் கூடாது. முடிவின் மையத்தில் பெண்ணின் நிலை இருக்க வேண்டும். குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்று வளர்க்க முன்வரும் தாய்க்கு, சிகிச்சைக்கும் படிப்புக்கும் அரசு தோள் கொடுக்க வேண்டும். அந்தத் தோள் இல்லாத ஊரில் 'அவள் விருப்பம்' என்ற சொல்லுக்குப் பாதி அர்த்தம்தான்.

மூன்றாவது, பிழைக்கக்கூடிய உயிர். 28, 30 வாரத்தில் பிறந்த குழந்தைகளை நம் அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகள் இன்று காப்பாற்றுகின்றன. ஆகவே அந்தக் கட்டத்தில் கேள்வி மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறாம் மாதமும் எட்டாம் மாதமும் ஒன்றல்ல. அதனால்தான் ஒரே எண்ணை எழுதி எல்லோருக்கும் மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடல் கடந்து

எண்ணை எழுதி மாட்டுவதில் அமெரிக்காவுக்கு நிகர் இல்லை. அங்கே தாமதக் கருக்கலைப்பின் ஒரு குறிப்பிட்ட முறையையே மாநிலங்கள் தடை செய்தன. நெப்ராஸ்காவின் அத்தகைய சட்டத்தை 2000-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2003-ல் மத்திய அரசே அதுபோன்ற தடையைக் கொண்டுவந்தபோது 2007-ல் ஏற்றுக்கொண்டது. இரண்டு முறையும் ஐந்துக்கு நான்கு. 2022 ஜூன் 24-ல் கருக்கலைப்பு அரசமைப்பு உரிமையே அல்ல என்று தீர்ப்பானதும், பல மாநிலங்கள் தொடக்க வாரங்களிலேயே தடை போட்டன. இத்தனைக்கும் அங்கே 21 வாரத்துக்கு மேல் நடப்பது மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று போலத்தான். அந்த ஒன்றைக் காட்டி நடந்த அரசியல், மீதித் தொண்ணூற்றொன்பது பேரின் வாசலையும் அடைத்தது.

அயர்லாந்தில் 2012-ல், பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவர், 17 வாரக் கரு கலையத் தொடங்கிவிட்ட நிலையில், இதயத் துடிப்பு இருக்கிறது என்ற காரணத்தால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, ரத்தத்தில் நச்சுத் தொற்று ஏறி அக்டோபர் 28-ல் இறந்தார். அந்தச் சாவு ஒரு நாட்டையே உலுக்கியது. 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னார்கள். நமக்குப் பக்கத்தில் இலங்கையில் 1883-ன் தண்டனைச் சட்டம் இன்றும், தாயின் உயிரைக் காக்க அன்றி வேறு எதற்கும் அனுமதிப்பதில்லை.

தடையால் கருக்கலைப்பு குறைவதில்லை, மறைவிடத்துக்குப் போகிறது என்பதற்கு நம் நாடே சாட்சி. 2015-ல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாகவும், அவற்றில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவை மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

சிவகங்கையில் என்ன செய்யலாம்

தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமல்ல. பிரசவத்தில் தாய் இறப்பதை 2018-20 கணக்குப்படி லட்சத்துக்கு 54 என்று குறைத்த மாநிலம் இது. அப்போது நாட்டின் சராசரி 97. வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியரால் வந்த பெருமை அது. அதே செவிலியர், அட்டையில் இரும்புச்சத்து மாத்திரையை எழுதும்போதே, 18-வது வாரம் ஸ்கேன் எடுத்தாக வேண்டும், சந்தேகம் என்றால் காத்திராதே என்று சொல்ல முடியும். சந்தேகம் வந்த கருவை ஒரு வாரத்துக்குள் மறுபரிசோதனை செய்யும் ஏற்பாடு மாவட்ட மருத்துவக் கல்லூரியிலேயே இருக்க வேண்டும். 2012-ல் சிவகங்கைக்குக் கல்லூரி வந்துவிட்டது. மகப்பேறு, குழந்தைநலம், கதிரியக்கம் என்று தேவையான துறைகள் ஒரு மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே இருக்கும்போது, மூன்று நாளில் முடிவு சொல்லும் வாரியத்தை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஏன் உட்காரவைக்கக் கூடாது? மனநல மருத்துவரும் அதில் இருக்கட்டும்.

24 வாரத்துக்கு மேலும் அந்த வாரியத்துக்கு, கருவின் குறைபாட்டை மட்டுமல்லாமல் பெண்ணின் உடல், மனம், வயது, அவளுக்கு நேர்ந்தது எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும். 2024 ஏப்ரலில், மகாராஷ்டிரத்தின் 14 வயதுச் சிறுமி வழக்கில், உச்ச நீதிமன்றமே ஏறத்தாழ இதைச் சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட 30 வாரத்தில் முதலில் அனுமதித்து, பெற்றோர் அச்சப்பட்டு மனம் மாறியதும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் வாரியங்கள் பெண்ணின் உடல்நலத்தையும் மனநலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், கர்ப்பிணியின் சம்மதமே முதன்மை என்பதைத் தீர்ப்பில் எழுதிவைத்தது. அதைச் சட்டத்தில் ஏற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. மதுரைக்குப் போய் வக்கீல் பிடித்து, ரிட் போட்டு, நீதிமன்றம் வாரியம் அமைத்து, அறிக்கை வந்து, தீர்ப்பு வருவதற்குள் போகும் இரண்டு மூன்று வாரம், தாமதத்தைக் கண்டிக்கும் சட்டமே உண்டாக்கும் தாமதம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாத சில விஷயங்களும் உண்டு. பல மருத்துவமனைகளில் இன்றும் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து வேணும்" என்கிறார்கள். கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் இந்தப் பகுதியில், அந்த ஒரு வாக்கியம் மாதக் கணக்கைத் தின்றுவிடுகிறது. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, 1971-லிருந்தே இல்லை. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவரோ மாமியாரோ அப்பாவோ ஒப்பமிட வேண்டியதில்லை. சிறுமிக்கும் மனநலம் குன்றியவருக்கும் மட்டுமே காப்பாளரின் எழுத்து. கல்யாணமானவளா என்று கேட்டுத் திருப்பி அனுப்பவும் முடியாது. சந்தேகம் இருந்தால் அரசின் 104 எண்ணில் கேட்கலாம். கொடுமை நடந்திருந்தால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சிகிச்சை பெற்றவரின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லும் மருத்துவருக்கு, 2021 திருத்தத்தின்படி ஓராண்டு வரை சிறை உண்டு.